மென்பொருள் முடங்கினால் வேலையை வேறு சர்வருக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையச் சேவை நடத்துபவர்கள், அதற்கு நிரல் எழுதுபவர்கள், நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் எழுந்து பார்க்க வேண்டியவர்கள் ஆகியோருக்காக இந்தக் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். வேலையை இன்னொரு சர்வருக்கு அனுப்பும் கட்டளை பெரும்பாலும் ஒரே வரிதான். பழைய சர்வர் உண்மையிலேயே நின்றுவிட்டதா, நிற்கும்போது எதைப் பாதியில் விட்டுவிட்டது என்பவை அவ்வளவு சுலபத்தில் தெரியாது. அதனால் அந்த இரண்டைப் பற்றிய பதில்கள் இங்கே நீளமாக இருக்கும்.

ஃபெயிலோவர் என்றால் என்ன?

ஒரு சர்வரில் ஓடும் மென்பொருள் முடங்கும்போது, அது செய்துவந்த வேலையை வேறிடத்தில் தயாராக இருக்கும் இன்னொரு சர்வர் ஏற்று நடத்துவது. அந்த மாற்று சர்வர் பக்கத்து அலமாரியிலும் இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம். சில அமைப்புகளில் மாற்று சர்வரும் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். சிலவற்றில் தரவை மட்டும் தொடர்ந்து வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். இன்னும் சிலவற்றில், தேவை வந்த பிறகுதான் அதை இயக்கவே தொடங்குவார்கள். முதல் வகை நொடிகளில் மாறிவிடும்; கடைசி வகைக்கு மணிக்கணக்கில் ஆகும். செலவைப் பார்த்தால் கடைசி வகைதான் மலிவு.

அங்கே ஓடுவதும் அதே மென்பொருள்தானே? இங்கே முடங்கியது அங்கே மட்டும் எப்படி ஓடும்?

மிக நல்ல கேள்வி. ஃபெயிலோவர் எப்போது பயன்படும், எப்போது பயன்படாது என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது.

1974இல் தொடங்கப்பட்ட டாண்டம் என்ற நிறுவனம், ஒரு நொடியும் நிற்கக் கூடாத வங்கி போன்ற இடங்களுக்கென்றே கணினிகளைச் செய்தது. அவற்றில் முக்கியமான நிரல்கள் இரண்டு புராசஸர்களில் ஜோடியாக இருக்கும். ஒன்று வேலை செய்யும். எதுவரை முடித்திருக்கிறது என்பதை அவ்வப்போது மற்றதற்குச் சொல்லிவைக்கும். முதலாவது விழுந்தால் இரண்டாவது அந்த இடத்திலிருந்து தொடரும். புராசஸர் பழுதானால் இந்த ஏற்பாடு காப்பாற்றும் என்பது புரிகிறது. ஆனால் மென்பொருள் பிழைகளிலிருந்தும் அது காப்பாற்றியது. ஏன் என்பதை அங்கே பணியாற்றிய ஜிம் கிரே 1985இல் விளக்கினார். நன்றாகச் சோதித்து வெளியிட்ட மென்பொருளில், மறுபடி முயன்றால் மறுபடியும் வரும் பிழைகள் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நேரமும் சூழலும் ஒத்துப்போனால் மட்டுமே தலைகாட்டுபவை. அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றின் பதிவுகளைப் பார்த்தபோது, 132 மென்பொருள் கோளாறுகளில் ஒன்றே ஒன்றுதான் மறுமுயற்சியிலும் விடாமல் திரும்பியது என்று அவர் குறிப்பிட்டார்.

இரண்டு வேலைகள் ஒரே கணத்தில் ஒரே நினைவகப் பகுதியைத் தொட்டிருக்கலாம். மூன்று வாரமாகச் சிறுகச் சிறுகக் கசிந்த நினைவகம் அன்றைக்குத் தீர்ந்திருக்கலாம். புதிய சர்வரில் நினைவகம் சுத்தமாக இருக்கிறது, வேலைகள் வந்துசேரும் வரிசையும் வேறு. அதனால் அதே நிரல் அங்கே ஓடுகிறது. பிழை திருத்தப்படவில்லை, அதைத் தூண்டிய சூழல்தான் கலைந்துபோயிருக்கிறது. சேவை மீண்டதும் விசாரணையை மூடிவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முடங்கிய சர்வரின் லாக் கோப்புகளையும் நினைவகப் பதிவையும் எடுத்துவைத்த பிறகே அதைத் துடைத்து மறுபடி ஏற்றுங்கள்.

இடம் மாற்றியும் பயனில்லாமல் போவது எப்போது?

பிழை சூழலில் இல்லாமல், வந்த தரவிலோ நிரலின் தர்க்கத்திலோ இருக்கும்போது.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் 40 நொடிகூடத் தாண்டவில்லை. திசையைக் கணிக்கும் கருவிகள் அதில் இரண்டு இருந்தன. ஒன்று நின்றால் மற்றது ஏற்க வேண்டும். இரண்டிலும் ஒரே மென்பொருள். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணிக்க முயன்று முதன்மைக் கருவி நின்றது. மாற்றுக் கருவிக்கு மாறப் பார்த்தால், 72 மில்லி நொடி நீளமுள்ள முந்தைய சுழற்சியிலேயே அதுவும் அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. ஒரே பிழையின் இரண்டு பிரதிகளை வைத்திருப்பது பாதுகாப்பாகாது.

இணையச் சேவைகளில் இதன் வடிவம் வேறு. பயனர் ஒருவர் ஏற்றிய ஒரு படக்கோப்பு நிரலை விழவைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலை வரிசையின் தலையில் நிற்கிறது. முதல் சர்வர் அதை எடுக்கிறது, விழுகிறது. அமைப்பு கடமை தவறாமல் அதே வேலையை இரண்டாவது சர்வருக்குக் கொடுக்கிறது, அதுவும் விழுகிறது. பிறகு மூன்றாவது. ஒரே ஒரு கோப்பு மொத்தக் கூட்டத்தையும் வரிசையாகச் சாய்த்துவிடும். ஒவ்வொரு வேலையோடும் அது எத்தனை முறை முயலப்பட்டது என்ற எண்ணிக்கையும் பயணிக்க வேண்டும். மூன்று முறை தோற்றால் அதைத் தனி வரிசைக்கு ஒதுக்கி, மனிதர் பார்க்கும்வரை அங்கேயே நிறுத்திவையுங்கள். எண்ணிக்கையை வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். விழுந்த பிறகு எழுத யாரும் இருக்க மாட்டார்கள்.

மீண்டு வருவதே அடுத்தவரைச் சாய்த்ததும் உண்டு. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பில், அழைப்புகளை இணைக்கும் ஒரு ஸ்விட்ச் தன்னைச் சரிசெய்துகொண்டு, திரும்பிவிட்டதாகப் பக்கத்து ஸ்விட்சுகளுக்குத் தெரிவித்தது. அந்தச் செய்தியைக் கையாளும் நிரலில் இருந்த பிழையால் அவை விழுந்தன. அவை மீண்டு செய்தி அனுப்ப, வேறு சில விழுந்தன. 114 ஸ்விட்சுகளில் இது சுற்றிச் சுற்றி வந்து, சுமார் ஒன்பது மணி நேரம் நீடித்தது.

புதுப்பிப்பை எல்லா சர்வர்களிலும் ஒன்றாக ஏற்றலாமா?

கூடாது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் வெளியிட்ட பழுதான ஒரு புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. முதன்மையும் மாற்றும் ஒரே நேரத்தில் ஒரே பழுதைப் பெற்றால், மாறுவதற்கு இடமே மிஞ்சாது. முதலில் சிறு பகுதியில் ஏற்றி, பொறுத்திருந்து பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

அதே சர்வரில் மறுபடி தொடங்கினால் போதாதா?

பெரும்பாலும் போதும். முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், விழுந்தால் அதை உடனே எழுப்பும் கண்காணிப்பு நிரல் இல்லாமல் தொலை சர்வர் வரை யோசிப்பது அவசரம். குறுகிய நேரத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது, அல்லது இயந்திரமே பதில் சொல்லவில்லை என்றால்தான் வெளியே மாற்ற வேண்டும்.

முதன்மை சர்வர் முடங்கிவிட்டது என்று யார், எப்படி முடிவு செய்வது?

நெட்வொர்க்கின் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரிவது மௌனம் மட்டுமே. சர்வர் விழுந்திருக்கலாம். விழாமல் மெதுவாகியிருக்கலாம். இரண்டும் நலமாக இருக்க, நடுவில் உள்ள கம்பி அறுந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். செய்தி வந்துசேர உச்சவரம்பு இல்லாத வலையமைப்பில், ஒரே ஒருவர் முடங்கக்கூடும் என்றாலே மற்றவர்கள் எல்லாச் சூழலிலும் உறுதியாக ஒரு முடிவுக்கு வருவதற்கான வழிமுறை இருக்க முடியாது என்று 1985இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் நிறுவினார்கள்.

ஆகவே எல்லோரும் காலக்கெடுவை நம்பித்தான் ஓட்டுகிறோம். முதன்மை சர்வர் நொடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தி அனுப்புகிறது; அதை ஹார்ட்பீட் என்பார்கள். தொடர்ந்து மூன்று வரவில்லை என்றால் மாற்று சர்வர் பொறுப்பேற்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று நொடி நெரிசல்கூடப் பொய் எச்சரிக்கையாகிவிடும். முப்பது என்று வைத்தால், உண்மையான முடக்கத்தில் பயனர் அரை நிமிடம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருள், ஒரு நோடு (அந்தக் கூட்டத்தில் உள்ள ஒரு சர்வர்) பதில் சொல்லாதபோது, அதிலிருந்த வேலைகளை வெளியேற்ற இயல்பாக 300 நொடி பொறுக்கிறது. அவசரப்பட்டு நகர்த்துவதன் விலை தெரிந்தவர்கள் வைத்த எண் அது.

என்ன கேட்டுச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். தரவுத்தள இணைப்பு அறுந்து எந்த வேலையும் நடக்காத சர்வர்கூட, உடல்நலம் விசாரிக்கும் முகவரியில் 'நலம்' என்று பதில் சொல்லும். எனவே சிறிய, உண்மையான வேலை ஒன்றைச் செய்துபார்க்கும் சோதனை வேண்டும். ஆனால் அந்தச் சோதனை எல்லா சர்வர்களுக்கும் பொதுவான தரவுத்தளத்தைத் தொட்டால், தரவுத்தளம் ஒரு கணம் தடுமாறியதும் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் தோற்கும். சுமை பங்கிடும் கருவி அத்தனையையும் விலக்கிவிடும். எல்லாமே தோற்றால் யாரையும் விலக்காதே என்ற விதியையும் சேர்த்து எழுதுங்கள்.

பழையது சாகவில்லை, இடையில் தூங்கித்தான் போனது என்றால்?

அப்போது இரண்டு முதன்மைகள் இருக்கும். எனக்கு மிகவும் கவலை தரும் நிலை இதுதான். சேவை நின்றால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு சர்வர்கள் ஒரே கணக்கில் வேறு வேறு தொகையை எழுதுவது யாருக்கும் தெரியாமல் நடக்கும்.

ஒரு காட்சியைப் பாருங்கள். முதன்மை சர்வரில் நினைவகத்தைத் துப்புரவு செய்யும் வேலை தொடங்கி, நிரல் இருபது நொடி உறைகிறது. ஹார்ட்பீட் நிற்கிறது. மாற்று சர்வர் பொறுப்பேற்று எழுதத் தொடங்குகிறது. இருபத்தோராவது நொடியில் பழையது விழிக்கிறது. அதன் பார்வையில் நேரமே கடக்கவில்லை. உறைவதற்கு முன் எழுத எடுத்த வரியை அப்படியே எழுதி முடிக்கிறது. 'நான் இன்னும் முதன்மையா?' என்று அது தன்னையே கேட்டுக்கொள்வதும் போதாது. கேட்டு முடித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவிலேயே உறைந்துபோயிருக்கலாம்.

தடுக்க வேண்டிய இடம் சேமிப்பகம். பொறுப்பு கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை எண் ஒன்று கூடட்டும்: பழையவருக்கு 7, புதியவருக்கு 8. எழுத வருபவர் தன் எண்ணையும் காட்ட வேண்டும். 8ஐப் பார்த்துவிட்ட சேமிப்பகம், அதன்பின் 7ஐக் கொண்டு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடும். சேமிப்பகத்தால் இது முடியாது என்றால், பொறுப்பேற்கும் முன் பழைய சர்வரின் மின்சாரத்தையோ நெட்வொர்க் இணைப்பையோ துண்டித்துவிடுவதும் நடைமுறையில் உள்ள வழிதான். முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் அது நேர்மையான வழி.

பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்யுங்கள். மூன்று பேர் வாக்களித்தால் ஒருவர் முடங்கலாம், ஐவர் என்றால் இருவர் முடங்கலாம். நால்வர் என்றாலும் ஒருவரைத்தான் தாங்கும் என்பதால் ஒற்றைப்படை எண்ணே வழக்கம். இரண்டே இடங்களில் சர்வர் வைத்திருப்பவர்கள், வாக்குக்காக மட்டுமாவது மூன்றாவது இடத்தில் ஒரு சிறு சர்வர் வையுங்கள்.

பாதியில் நின்ற வேலை என்ன ஆகும்?

ஒருவர் பணம் அனுப்பப் பொத்தானை அழுத்துகிறார். கோரிக்கை சர்வரை அடைகிறது. சர்வர் கணக்கில் கழித்து, வட்டில் எழுதுகிறது. 'முடிந்தது' என்ற பதிலை அனுப்பும் முன் விழுகிறது. பயனரின் திரையில் சுழலும் வட்டம் மட்டுமே தெரிகிறது. அவருடைய செயலிக்குத் தெரிந்தது பதில் வரவில்லை என்பது மட்டும்தான். கோரிக்கை போகும் வழியிலேயே தொலைந்திருந்தாலும் இதே காட்சிதான் இருந்திருக்கும். செயலி மறுபடி அனுப்பினால் இரண்டு முறை கழியலாம். அனுப்பாவிட்டால் ஒருமுறைகூடப் போகாமல் இருக்கலாம்.

இதற்குத் தீர்வு, பொத்தானை அழுத்திய கணத்தில் செயலியே ஒரு தனித்த எண்ணை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்புவது. எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான். சர்வர் பணத்தைக் கழிக்கும் அதே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காது) அந்த எண்ணையும் எழுதுகிறது. மாற்று சர்வருக்கு அதே எண் மறுபடி வந்தால், ஏற்கெனவே முடிந்துவிட்டதைப் பார்த்து, பழைய பதிலையே திருப்பித் தருகிறது. எண்ணைத் தனியாகவும் கழிப்பதைத் தனியாகவும் எழுதினால் அந்த இரண்டுக்கும் நடுவே விழ இடம் கிடைத்துவிடும். இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தாலே, ஃபெயிலோவரால் வரும் புகார்களில் மிகவும் வலி தருபவை இல்லாமல் போகும். கணக்கில் இருமுறை பணம் போன மனிதருக்கு உங்கள் சேவை ஐந்து நொடியில் மீண்டது ஒரு ஆறுதலே அல்ல.

தரவு கொஞ்சமும் இழக்காமல் மாற முடியுமா?

முடியும், வேகத்தை விட்டுக்கொடுத்தால். எழுதப்படும் ஒவ்வொரு தரவும் தொலை சர்வரிலும் பதிந்துவிட்டது என்ற உறுதி வந்த பிறகே பயனருக்குப் பதில் சொல்ல வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1000 கிலோமீட்டர் தொலைவில் சர்வர் இருந்தால் போய்வர 10 மில்லி நொடி. 10,000 கிலோமீட்டர் என்றால் 100. இது இயற்பியல் வைத்த வரம்பு, எந்தக் கருவியை வாங்கினாலும் குறையாது. பலரும் தரவுத்தளத்தின் ஒரே வரியைப் பூட்டிவைத்து மாற்றும் இடத்தில், 100 மில்லி நொடி என்பது நொடிக்குப் பத்தே மாற்றங்கள்.

எனவே பலர் உள்ளூரில் எழுதிப் பதில் சொல்லிவிட்டு, பிரதியைப் பின்னால் அனுப்புகிறார்கள். அப்போது கடைசிச் சில நொடிகளின் தரவு இழக்கப்படலாம். தரவை வகை பிரித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பணம், ஆர்டர், மருத்துவக் குறிப்பு போன்றவை காத்திருந்து எழுதப்படட்டும். யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்ற எண்ணிக்கை பின்னால் வரட்டும்.

மாற்று சர்வர் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும்?

ஒரே விபத்து இரண்டையும் தொடாத தொலைவில். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் முழுதும் எரிந்தது. பக்கத்துக் கட்டடமும் பாதிக்கப்பட்டது, அந்த வளாகமே அணைத்துவைக்கப்பட்டது. காப்புப்படியையும் (பேக்கப்) அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

பயனர்கள் புதிய சர்வரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரே வலையமைப்புக்குள் என்றால், பழைய சர்வரின் ஐபி முகவரியையே புதிய சர்வர் எடுத்துக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. தொலைவில் என்றால் டிஎன்எஸ் பதிவை, அதாவது தளத்தின் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சொல்லும் பதிவை, மாற்றுவது வழக்கம். அந்தப் பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு 3600 நொடி என்று இருந்தால், ஒரு மணி நேரம் வரை பலர் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருப்பார்கள். முன்கூட்டியே 60 என்று குறைத்துவையுங்கள். சில மென்பொருள்கள் இந்த அளவை மதிப்பதில்லை. ஒருமுறை கேட்ட முகவரியை மறுபடி தொடங்கும்வரை வைத்திருக்கும். உங்கள் நிரல்கள் அப்படிச் செய்கின்றனவா என்று பாருங்கள்.

மாற்று சர்வர் சிறியதாக இருந்தால் போதுமா?

போதாது. இரண்டு இடங்களிலும் 60 சதவீதச் சுமை ஓடினால், ஒன்று விழுந்ததும் மற்றதன் மேல் 120 சதவீதம் ஏறும். இரண்டு இடம் என்றால் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழ், மூன்று என்றால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழ் இருக்க வேண்டும். அதிலும் எச்சரிக்கை வேண்டும்: புதிதாகப் பொறுப்பேற்ற சர்வரின் கேஷ் (அடிக்கடி கேட்கப்படும் தரவைக் கைவசம் வைத்திருக்கும் இடம்) காலியாக இருப்பதால், ஒவ்வொரு கோரிக்கையும் தரவுத்தளம்வரை போகும். பதில் கிடைக்காத செயலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மறுபடி கேட்கும். மறுமுயற்சிகளின் இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் சற்று தற்செயல் தாமதத்தையும் கலந்துவிடுங்கள். இல்லையென்றால் அலை அலையாக வந்து, மீண்ட சர்வரை மறுபடி சாய்ப்பார்கள்.

பிரதி இருக்கிறதே, காப்புப்படி எதற்கு?

தவறுதலாக அழித்தால் பிரதியிலும் அந்த நொடியே அழியும். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், இரண்டாம் தரவுத்தளத்தில் செய்ய நினைத்த அழிப்பு முதன்மையில் நடந்துவிட்டது. வைத்திருந்த பல காப்பு ஏற்பாடுகள் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. காப்புப்படியிலிருந்து உண்மையில் மீட்டுப் பார்த்தால்தான் அது காப்புப்படி.

தானாக மாறவிடலாமா, மனிதர் முடிவெடுக்க வேண்டுமா?

தரவு வைத்திராத சர்வர்கள் தயங்காமல் தானாக மாறட்டும். தரவுத்தளத்தை அதே வளாகத்துக்குள் தானாக மாற்றலாம். கண்டம் தாண்டி மாற்றுவதற்கு மனிதர் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

2018 அக்டோபர் 21 நிகழ்வை நினைத்தே இதைச் சொல்கிறேன். அதேபோன்ற சேவை நடத்தும் கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை வலையமைப்பில் பராமரிப்பு வேலையின்போது 43 நொடி தொடர்பு அறுந்தது. தானியங்கி அமைப்பு மேற்குக் கரைத் தரவுத்தளங்களை முதன்மையாக்கிவிட்டது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில நொடித் தரவு மேற்குக்கு வந்திருக்கவில்லை. மேற்கிலும் புதியவை எழுதப்படத் தொடங்கிவிட்டன. பரபரப்பான ஒரு தரவுத்தளத் தொகுதியில் அப்படி வராமல் நின்ற மாற்றங்கள் 954. அவர்கள் வேகத்தைவிடத் தரவின் நேர்மையே முக்கியம் என்று முடிவு செய்தார்கள். சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். நாற்பது நொடி பொறுத்திருந்தால் போதும் என்று பின்னால் சொல்வது சுலபம். அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எவ்வளவு பொறுப்பது என்பதை அமைதியான நாளில் முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்.

பழைய சர்வர் திரும்பி வந்தால் உடனே பொறுப்பைத் திருப்பித் தரலாமா?

வேண்டாம். அதைப் புதியவருக்குப் பிரதியாகச் சேர்த்து, விட்டுப்போன தரவைப் பெற்று முடிக்கவிடுங்கள். திரும்ப மாற்றுவதும் ஒரு ஃபெயிலோவர்தான். அதற்குத் தனியாக நேரம் குறித்துச் செய்யுங்கள். இரண்டும் சமமான திறன் உள்ளவை என்றால், திருப்பித் தராமலே விட்டுவிடலாம்.

ஒத்திகை அவசியமா?

மிகவும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், வேலை நேரத்தில் தன் சர்வர்களைத் தானே தற்செயலாக நிறுத்தும் கேயாஸ் மங்கி என்ற கருவியை உருவாக்கிப் பயன்படுத்தியது. பொறியாளர்கள் விழித்திருக்கும்போதே கோளாறு வெளிப்படட்டும் என்பது நோக்கம். உங்களால் அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், சுமை குறைந்த நேரம் பார்த்து, அறிவித்துவிட்டு, முதன்மையை உண்மையிலேயே நிறுத்திப் பாருங்கள். காலாவதியான சான்றிதழ், திறக்கப்படாத ஃபயர்வால் விதி, பழைய முகவரியை நேரடியாக எழுதிவைத்த ஏதோ ஒரு நிரல் என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏதாவது சிக்கும்.

சிறிய சேவைக்கு இவ்வளவும் வேண்டுமா?

வேண்டாம். வேறு வளாகத்தில் ஒரு தரவுத்தளப் பிரதி, மீட்டுப் பார்த்த ஒரு காப்புப்படி, யார் எந்தக் கட்டளையை எந்த வரிசையில் தர வேண்டும் என்று எழுதிய ஒரு பக்கம் ஆகிய மூன்றோடு கையால் மாற்றினாலே பெரும்பாலோருக்குப் போதும். அரை மணி நேரம் நிற்பதை உங்கள் பயனர்கள் பொறுப்பார்கள்; தரவு கலைவதைப் பொறுக்க மாட்டார்கள். அந்த ஒரு பக்கத்தையும் தொடர்பு எண்களையும் முடங்கக்கூடிய அதே சர்வரில் வைத்துவிடாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, பொறியாளர்கள் பழுதுபார்க்கப் பயன்படுத்தும் உள் கருவிகளும் சேர்ந்தே நின்றுபோயின. ஆட்கள் நேரில் தரவு மையத்துக்குப் போக வேண்டியதாயிற்று.